நாலாவது விளக்கக் கடிதம்

திரையில் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது. விண்ணப்பிப்பவருக்கு இன்னும் மூன்று வருடமாவது பணிக்காலம் பாக்கி இருக்க வேண்டும், இவருக்கு இல்லை, மேலே போக முடியாது. இங்கிலீஷில் ஒன்றரை வரி. எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு பக்க விதிமுறையை இந்தக் காலேஜில் முழுசாகப் படித்தவள் நான் ஒருத்திதான், இது ஏழாவது விதி, வரும் என்று தெரியும், வந்துவிட்டது. மணி நாலு ஐந்து. ஐந்து மணிக்கு அந்த நிதி விண்ணப்ப இணையதளத்தை மூடிவிடுவார்கள். எங்கேயோ டெல்லியில் ஓடுகிற மெஷின், அதற்கு சார் தெரியாது, மேடம் தெரியாது, துறைத் தலைவர் வந்தால் எழுந்து நிற்கவும் தெரியாது. வெளியே பலகையில் ஆராய்ச்சி உதவிப் பிரிவு என்று நீல பெயிண்டில் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது நான், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், சுற்றும்போது டக் டக்கென்று ஒரு பக்கம் இடிக்கிற ஃபேன், மேஜைமேல் ஒரு பழைய பட்டன் போன். உதவி என்றால் நான்தான். எந்த அரசாங்க நிறுவனம் எந்த ஆராய்ச்சிக்கு நிதி தருகிறது என்று தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, எட்டுத் துறைக்கும் சுற்றுக்கு அனுப்பி, யாராவது எழுதிக் கொடுத்தால் பக்க எண் போட்டு, பிரின்சிபால் கடிதம் சேர்த்து, ஐந்து எம்பிக்குள் அடக்கி, கடைசி நாளில் ஏற்றிவிடுவது. பேராசிரியர்களின் யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. ஓடிபி வரும் நம்பர்கூட எல்லோருக்கும் இந்தப் பட்டன் போன் நம்பர்தான். வகுப்பில் இருக்கிறவர்கள் பின்னால் யார் ஓடுவது என்று நான்தான் அப்படி ஏற்பாடு பண்ணினேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று சூப்பிரண்டு வஜ்ஜிரவேல் சார் அன்றைக்குப் பாராட்டினார். கெட்டிக்காரத்தனம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பார். இருபத்தேழு பேருடைய சாவி என் கையில், என்னுடைய சாவி மட்டும் கோவர்த்தனன் சார் கையில்.

கோவர்த்தனன் சார் கெட்டவர் இல்லை. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். வேதியியல் துறைத் தலைவர், இந்தப் பிரிவுக்கும் அவர்தான் ஒருங்கிணைப்பாளர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிகிரியையும் டைப்பிங் சர்டிபிகேட்டையும் துணிக்கடைக் கவரில் போட்டுக்கொண்டு வந்து நின்றவளை உட்காரச் சொன்னவர். கிராமத்து ஸ்கூல்ல படிச்ச பிள்ளை, வேலைக்குப் பயப்படாது என்று பிரின்சிபாலிடம் பேசியவர். தீபாவளிக்கு என் மகளுக்கென்று தனியாக ஒரு ஸ்வீட் பாக்ஸ் தருவார், தன்ஷிகாவுக்கு என்று பெயரைக்கூட எழுதி. மே முப்பத்தொன்றில் முடிந்து ஜூனில் புதுப்பிக்கிற என் வேலைக்கு அவருடைய கையெழுத்துத்தான், நான் இதுவரை கேட்டு வாங்கியதில்லை, அவரே போட்டுவிடுவார். இன்றைக்கு மூன்றரை மணிக்கு வந்தார். உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் துறை ஜெபசீலி மேடம் நிதி கேட்டு எழுதின ப்ரபோசல் போய்விட்டதா என்று கேட்டார். எல்லாம் ஏற்றி வைத்திருக்கிறேன், கடைசி பட்டன்தான் பாக்கி, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லிவிட்டு மேடம் பரீட்சை ட்யூட்டிக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். நல்லதாப் போச்சு, என் பேரை முதல்ல போட்டு அனுப்பிடு, அந்தப் பொண்ணு பேரு ரெண்டாவதா இருக்கட்டும் என்றார். ஜன்னலைச் சாத்திவிடு என்று சொல்கிற மாதிரி சொன்னார். இங்கே அது வழக்கம்தான். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயரை மேலே போடுகிற மாதிரி, யார் எழுதினாலும் துறைத் தலைவர் பெயர் முதலில். ஆனால் பத்திரிகையில் பெரியப்பா பெயர் மேலே வந்தால் மாப்பிள்ளை மாறிவிடமாட்டான். இங்கே மாறிவிடும். முதல் பெயர்க்காரர்தான் ஆராய்ச்சியை நடத்துகிறவர், அவர் நினைத்தால்தான் கருவி, அவர் வைத்தால்தான் ஆள். ஏழாவது விதியைச் சொன்னேன். உங்களுக்கு ரெண்டு வருஷந்தான் சார் இருக்கு, மூணு கேக்கறாங்க என்றேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. வாட்சைத் திருகினார். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்:

"பிறந்த வருஷம் அறுபத்தாறுதானேம்மா, அறுபத்தொம்பதுன்னு அடி. பின்னால யாராவது கேட்டா டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிக்கலாம்."

ஆறும் ஒன்பதும். கீபோர்டின் மேல் வரிசையில் அவற்றுக்கு நடுவே ஏழும் எட்டும் இருக்கின்றன, விரல் வழுக்காது. வலப்பக்க எண் கட்டத்தில் மட்டும் ஆறுக்கு நேர் மேலே ஒன்பது. அவர் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார். அவர் போன பிறகு அவர் ஐடியில் புதிதாக ஒரு விண்ணப்பம் திறந்து, உண்மை வருஷத்தையே முதலில் அடித்துப் பார்த்தேன், மெஷின் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதா என்று ஒரு நப்பாசை. விடவில்லை. இப்போது திரையில் ரெண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறது. ஒன்றில் ஜெபசீலி மேடம், எல்லாம் பச்சை டிக். ஒன்றில் கோவர்த்தனன் சார், சிவப்பு. பிறந்த தேதி விஷயத்தில் நான் பெரிய யோக்கியம் பேசவும் முடியாது. மூங்கப்பட்டி ஸ்கூலில் என்னோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பதினேழு பேருக்கும் ஜூன் ரெண்டுதான் பிறந்தநாள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டு எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர், தொட்டவர்களுக்கெல்லாம் ஒரே தேதி. அந்தத் தேதியை வைத்துத்தான் படித்தேன், கல்யாணம் கட்டினேன், ஓட்டுப் போடுகிறேன். பொய்த் தேதிதான். ஆனால் அதை வைத்து யாருடைய பெயரையும் நான் கீழே தள்ளவில்லை. அந்தப் பதினேழு பேருக்கும் இன்னொன்றும் ஒரே மாதிரி இருந்தது, பல். தேங்காய் ஓட்டின் உள்பக்கம் மாதிரி பழுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சின்னச் சின்னக் குழியாகப் பொரிசல். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் பல் என்றாலே பழுப்பு என்று இருந்தேன். டவுனுக்குக் காலேஜ் படிக்க வந்தபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாக்கு போடுவியா என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் சாம்பல், உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் வைத்துத் தேய்த்தேன், ஈறுதான் கிழிந்தது. அன்றிலிருந்து சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பை நிறுத்த முடியவில்லை, அதனால் கையைப் பழக்கினேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அப்படித்தான், பொண்ணு ரொம்ப வெட்கப்படுது என்று சந்தோஷமாகப் போனார்கள். காலேஜில் எனக்குச் சிரிப்புக்காரி என்று பெயர். சிரிப்பை யாரும் பார்த்ததில்லை, சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

கையை எடுக்கச் சொன்னது ஜெபசீலி மேடம் ஒருத்தர்தான். நாசரேத் பக்கம், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர் இருக்கும், கான்ட்ராக்ட் ஆசிரியை, அவருக்கும் மே முப்பத்தொன்றுதான். வந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட என் அறைக்கு வந்தார், துறை அறையில் நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்தான் மேஜை. ஏதோ சொன்னார், சிரித்தேன், கை போனது. மேடம் டப்பாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கையை எடுங்க மாதேஸ்வரி, நான் பல்லைப் பாக்கலை, தண்ணியைப் பாக்கேன், இது எந்த ஊர்த் தண்ணி என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சிரிப்பு மாதிரியே செய்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பாலக்கோடு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மூங்கப்பட்டி. பதினாலு போர்க் கிணறு. பதினாலு பாட்டில் தண்ணீர். லேபிள் எல்லாம் நான் எழுதினது, மார்க்கர் பேனாவால், மூங்கப்பட்டி ஒன்று, மூங்கப்பட்டி ரெண்டு. நாற்பது வயசில் முதுகை நிமிர்த்த முடியாமல் கதவைப் பிடித்து எழுந்திருக்கிற ஆட்களை மேடம் ஒவ்வொருத்தராக உட்கார வைத்துக் கேட்டார். எங்கள் ஊரில் அதை வயசு என்போம். வயசு இல்லை, தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு என்றார். எனக்குப் பல்லில் வந்தது அவர்களுக்கு எலும்பில் வந்திருக்கிறது, நானும் அங்கேயே இருந்திருந்தால் எனக்கும் வரும். செங்கல் சூளையில் வீணாகக் கொட்டுகிற மண்ணை ஒரு பக்குவத்தில் சுட்டுக் குடத்துக்கு மேலே வைத்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து நிறுத்துகிறது. கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம், வாரத்துக்கு ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். லேபில் ஒரு டம்ளர் தண்ணீருக்குச் செய்து காட்டினார். ஊருக்கே செய்து பார்க்க ஒரு உலையும் மூன்று வருஷமும் வேண்டும். அதுதான் ப்ரபோசல். இருபத்துமூன்றாம் பக்கத்து அட்டவணையில் பதினாலு போரும் இருக்கிறது, ஐந்தாவது எங்கள் தெருப் போர். என் தன்ஷிகா நாலு வயசு வரை குடித்த தண்ணீர் அது. நான் இங்கே வேலையில் நிலைக்கிற வரைக்கும் அவளை ஊரில்தான் விட்டு வைத்திருந்தேன். போன மாசம் கீழே ரெண்டு புதுப் பல் முளைத்தது. வெள்ளையாகத்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன், குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு, சாக்பீஸால் கிழித்த மாதிரி. பல் தேய்க்காததால் வந்ததா அம்மா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். பழியை அவள் பேரில் ஏன் போட்டேன்.

மணி நாலு இருபத்திரண்டு. கோவர்த்தனன் சார் கதவுப் பக்கம் நின்று இன்னொன்றும் சொன்னார். உன் ஜெபசீலிக்கு மே மாசத்தோட முடியுது, நாளைக்கு இல்லாத ஆளுக்கு யாரும்மா நிதி தருவாங்க, நான் அவளுக்கு நல்லதுதான் பண்றேன். நல்லது பண்ணுகிற முகமாகத்தான் இருந்தது. ஆனால் பதினோராவது விதியும் நான் படித்திருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம், ஆராய்ச்சி முடிகிற மூன்று வருஷமும் இவரை வேலையில் வைத்திருப்போம் என்று பிரின்சிபால் எழுதிக் கொடுத்தால். எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை நானே அடித்து, பரீட்சைச் சுற்றறிக்கைகளோடு கையெழுத்துக்கு வைத்தேன். மறைக்கவில்லை. நடுவில் வைத்தேன். அவர் படிக்கவில்லை, அவர் எதையும் படிப்பதில்லை, ஊருக்குப் போகும்போது வெற்று லெட்டர்பேடிலேயே பத்துக் கையெழுத்துப் போட்டு என் டிராயரில் வைத்துவிட்டுப் போகிறவர். சார் பெயரில் புதுக் கடிதம் அடிக்கவும் அந்தத் தாள் இருக்கிறது. எதற்கும் தடை இல்லை. மேடத்தின் பெயர் ரெண்டாவதாகப் போனால் திங்கட்கிழமைக் கடிதத்துக்கு வேலை இல்லை, மே மாசம் அவர் நாசரேத்துக்கு பஸ் ஏறுவார், ரெண்டு வருஷத்தில் சாரும் ரிட்டயர் ஆவார். சுட்ட மண் லேபில் ஒரு டம்ளரோடு நின்றுவிடும். அதற்கு முன்னாலேயே வருஷப் பொய்யை அங்கே யாராவது கண்டுபிடித்துத் தூக்கிப் போடுவார்கள், ஆதார் நம்பரை வைத்து ஒத்துப் பார்ப்போம் என்று முப்பதாம் பக்கத்தில் போட்டிருக்கிறது, சார் அதையும் படிக்கவில்லை. அப்போது டைப்பிங் மிஸ்டேக். யாருடைய மிஸ்டேக்.

ஏற்கெனவே என் பேரில் மூன்று விளக்கக் கடிதம் இருக்கிறது. முதல் தடவை இயற்பியல் சார் ஒருத்தர் ஒரே கருவியை ரெண்டு ஆராய்ச்சியிலும் கேட்டிருந்தார். ரெண்டாவது, வெளிவராத கட்டுரையை வெளிவந்ததாகப் போட்ட தமிழ் மேடம். மூன்றாவது, கடைசி நாளுக்கு மறுநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முந்தின நாளே கொடுத்தேன் என்று சொன்ன தாவரவியல் சார். மூன்று தடவையும் வஜ்ஜிரவேல் சார்தான் வந்தார். தப்பு யாரோடதுன்னு கேட்டா அலுவலகம்னு எழுதும்மா, அலுவலகம்னா யாரும் இல்ல, யாருக்கும் வலிக்காது என்றார். முதல் கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல அடித்தேன். என் கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன். கீழே என் கையெழுத்து. அலுவலகம் என்றால் யாரும் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். கம்ப்யூட்டரில் விளக்கம் ஒன்று, விளக்கம் ரெண்டு, விளக்கம் மூன்று என்று சேமித்து வைத்திருக்கிறேன், தேதியை மாற்றினால் போதும். டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கினவள் நான், நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை. பாலக்கோட்டில் தகரக் கூரை போட்ட இன்ஸ்டிட்யூட்டில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன், ஒரு எழுத்துத் தப்பாது, அந்த வாத்தியார் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு என் விரலைக் காட்டுவார். விரலுக்கு அவமானம் தெரியுமா. தெரியும் போல இருக்கிறது, மவுஸ்மேல் கிடக்கிற கை ஜில்லென்று இருக்கிறது, இந்த மார்ச் வெயிலில்.

நாலு மணிக்கு முன்னாலேயே ஒரு தடவை மாடிக்குப் போனேன். மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாரம் பாதியாகுமே என்று. ஹாலுக்குள் யாரும் போகக் கூடாது, ட்யூட்டியில் இருக்கிறவர்களுடைய போனும் கீழே வாங்கி வைத்துவிடுவார்கள். கண்ணாடி ஜன்னல் பக்கம் நின்றேன். மேடம் கடைசி வரிசையில் யாருக்கோ கூடுதல் தாள் கொடுத்துவிட்டுத் திரும்பினார், என்னைப் பார்த்தார், அஞ்சு விரலை விரித்துக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். ஐந்து மணிக்குத்தானே, போய்விடும்தானே என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். சிரித்தார். நானும் சிரித்தேன், கை போகவில்லை, அது பிறகுதான் நினைவு வந்தது. அந்தத் தலையாட்டலை என்ன செய்வது. வாயால் ஒரு சத்தியமும் பண்ணவில்லை, தலையைத்தான் ஆட்டினேன், ஆனால் அவர் அதை நம்பிக்கொண்டு மேலே தாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒன்றும் செய்யாமலே இருந்துவிடலாம். அதுதான் சுலபம். ஐந்து அடிக்கட்டும், சர்வர் டவுன் என்று சொல்லிவிடலாம், இந்தக் காலேஜில் சர்வர் டவுன் என்றால் கடவுள் செயல் மாதிரி, யாரும் யாரையும் கோபிக்க மாட்டார்கள். சாரும் தோற்கமாட்டார், மேடமும் தோற்கமாட்டார், என் வேலைக்குக் கையெழுத்தும் வரும். தோற்பது ஐந்தாம் நம்பர் போர் மட்டும். அது வந்து கேட்கவா போகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன சொல்வார் என்றும் தெரியும். ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து மனுஷனுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. உனக்கு எதுக்கு இந்த ஊர் நியாயம், சொன்னதைச் செஞ்சுட்டு வா என்பார். தப்பாகச் சொல்லவில்லை. நான் வேலையை விட்டால் தன்ஷிகாவைத் திரும்ப ஊருக்குத்தான் அனுப்ப வேண்டும். திரும்ப அந்தத் தண்ணீர். ஐயோ, எப்படிச் சுற்றினாலும் அந்தப் போருக்கே வந்து நிற்கிறது. மேல் முன்பல் ஆடிக்கொண்டிருக்கிறது அவளுக்கு. அது விழுந்து முளைக்கப் போகிற பல் உள்ளே ஏற்கெனவே தயாராக இருக்கும் என்று மேடம் சொன்னார். நிறம் முன்பே முடிவாகிவிடும், வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். அவளுக்கு இனி எந்த வடிகட்டியும் ஒன்றும் செய்யாது. எலும்புக்குச் செய்யும். அங்கே இன்னும் காதைத் தொடாத பிள்ளைகளுக்குச் செய்யும்.

நாலரைக்கு வஜ்ஜிரவேல் சார் எட்டிப் பார்த்தார், கையில் பேப்பர் கப்பில் டீ, எனக்கு இல்லை, அவருக்கு. என்னம்மா மாதேசு, ராக்கெட் விடறியா, மூஞ்சி இப்படி இருக்கு, சிரிப்பு ஸ்டாக் தீந்துபோச்சா என்றார். சிரித்தேன், கை போனது. பெயர் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். வருஷத்தைச் சொல்லவில்லை. அவர் டீயை ஊதினார். பேரு மாறுறது என்ன புதுசா, இருவத்தெட்டு வருஷமாப் பாக்கறேன், எழுதினவங்க பேரு போன கடுதாசி ஒண்ணுகூட இந்த வாசலைத் தாண்டலை, நீ சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்பு, அஞ்சு இருவது பஸ் போயிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தெட்டு வருஷம். அவர் அதை வருத்தமாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று இப்போது யோசிக்கிறேன், குரல் ரெண்டுக்கும் நடுவில் இருந்தது. நாலு நாற்பதுக்குக் கோவர்த்தனன் சார் என் செல்லுக்குக் கூப்பிட்டார். ஏதோ கல்யாண மண்டபத்தில் இருக்கிறார், பின்னால் நாதஸ்வரம். ஆச்சாம்மா என்றார். பண்ணிட்டிருக்கேன் சார் என்றேன். "உன் மேல நம்பிக்கை வச்சுத்தான் நான் இங்க வந்துட்டேன்" என்றார். நல்ல மனுஷன் குரல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் உட்காரச் சொன்ன அதே குரல். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். வலப்பக்கக் கட்டத்தில் விரலை வைத்தேன். ஒன்று. ஒன்பது. ஆறு. அடுத்ததற்கு நடுவிரல் ஒன்பதின்மேல் போய் நின்றது, அடித்தேன், சிவப்பு எழுத்து மறைந்துவிட்டது. அவ்வளவுதான். இத்தனை வருஷம் மூன்று கடிதம் எழுதினேன், மூன்றும் அடுத்தவர் தப்புக்கு எழுதினது, விண்ணப்பத்தில் தெரிந்தே என் விரல் பொய் அடித்தது இதுதான் முதல் தடவை. எவ்வளவு லேசாக இருக்கிறது. பேக்ஸ்பேஸ். சிவப்பு திரும்ப வந்தது. பார்க்க ஆறுதலாக இருந்தது.

நாலு ஐம்பத்தொன்று. டைப்பிங் மிஸ்டேக் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாரே. வருஷத்தில் மிஸ்டேக் வரலாம் என்றால், கருவியில், கட்டுரையில், தேதியில் எல்லாம் வந்திருக்கிறது என்றால். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, அறையில் யாரும் இல்லை, ஆனாலும் கை போனது, பிறகு இறங்கியது. மூன்று கடிதம் எழுதிக் கொடுத்து என்னை ஒரு தப்புக்காரியாக அவர்கள்தானே செய்து வைத்திருக்கிறார்கள், தப்புக்காரி தப்புச் செய்தால் யார் ஆச்சரியப்படுவார்கள். சிவப்பு விண்ணப்பத்தை மூடினேன். பச்சை டிக் விண்ணப்பத்தில் முதல் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். முதன்மை ஆய்வாளர், முனைவர் டி. ஜெபசீலி. ரெண்டாவது பெயர், துறைத் தலைவர் என்ற முறையில், முனைவர் எம். கோவர்த்தனன். மேடம் எழுதினபோதே அப்படித்தான் எழுதியிருந்தார், அவரை விடவில்லை. பிறந்த தேதி சரி. கடிதம் சரி. இருபத்துமூன்றாம் பக்கம் சரி, ஐந்தாவது போர், எங்கள் தெரு. எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன், இன்ஸ்டிட்யூட் வாத்தியார் பின்னால் நிற்கிற மாதிரி. ஒரு பிழை இல்லை. சமர்ப்பி என்ற பட்டனை அழுத்தினேன், ஓடிபி கேட்டது, பட்டன் போன் பேசாமல் கிடந்தது. நாலு ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஃபேன் டக் டக்கென்று இடிக்கிறது. மே முப்பத்தொன்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடையில் பில் போட ஆள் கேட்டு அட்டை தொங்குகிறது, பார்த்திருக்கிறேன், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது, உட்கார நாற்காலி இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது. இப்போதுகூட ரத்து என்று ஒரு பட்டன் இருக்கிறது, பக்கத்திலேயே, சாம்பல் நிறத்தில். போன் அதிர்ந்தது. ஆறு எண். அடித்தேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது, இனித் திருத்தம் செய்ய இயலாது. நாலு ஐம்பத்தொன்பது. பிரிண்ட் கொடுத்தேன், தாள் சூடாக வந்தது.

ஐந்து நாலுக்கு சார் கூப்பிட்டார். நாதஸ்வரம் நின்றிருந்தது. போயிடுச்சாம்மா என்றார். போயிடுச்சு சார் என்றேன். வருஷம் ஒத்துக்கிச்சில்ல என்றார். நாக்கு அந்தப் பொரிசல் பற்களில் பட்டுப் பட்டு வந்தது.

"பேர்ல ஒரு டைப்பிங் மிஸ்டேக் ஆயிடுச்சு சார். மேடம் பேரே முதல்ல போயிடுச்சு. இனிமே திருத்த முடியாதாம்."

இலை எடுக்கிற சத்தம் கேட்டது, யாரோ சாரைத் தாம்பூலத்துக்குக் கூப்பிட்டார்கள். இதோ வர்றேன் என்று அவர்களிடம் சிரித்துச் சொன்னார். பிறகு என்னிடம், அதே தணிந்த குரலில், உனக்கும் மே மாசம்தானே முடியுது மாதேஸ்வரி என்று கேட்டார். இதுவரைக்கும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அம்மா என்றுதான் கூப்பிடுவார். ஆமாம் சார் என்றேன். காலைல விளக்கம் எழுதி என் டேபிள்ல வச்சிரு என்று சொல்லி வைத்துவிட்டார். மாடியில் மணி அடித்தது, பரீட்சை முடிந்து பெஞ்சு நகர்கிற சத்தம். மேடம் தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிவர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். வந்தால் போயிடுச்சு என்று மட்டும் சொல்லிப் பிரிண்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். வேறு எதுவும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர் சண்டைக்குப் போவார், பிரின்சிபால் கடிதத்தை வாபஸ் வாங்கிவிடுவார்கள். ஐந்து இருபது பஸ்ஸை விட்டால் ஆறு மணிக்குத்தான். பக்கத்து வீட்டு வளர்மதி அக்கா தன்ஷிகாவுக்குப் பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்திருப்பார். போனதும் அவளிடம் சொல்ல வேண்டும், பல்லில் இருக்கிற கோடு அவள் தேய்க்காததால் வந்தது இல்லை என்று. விளக்கம் மூன்றைத் திறந்தேன். தேதியை மாற்றினேன். விளக்கம் நாலு என்று சேமித்தேன். என் கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழை என்ற வரியில் கர்சர் வந்து நின்று கண்ணைச் சிமிட்டியது. அதை மாற்ற வேண்டியதில்லை. முந்தின மூன்றிலும் அந்த வரி பொய். இதிலும் பொய்தான், இந்தத் தடவை என்னுடைய பொய்.